சாவி யார் கையில்?

(பள்ளிகளிலும் பொது நூலகங்களிலும் தொழில்நுட்பப் பாதுகாப்பு குறித்த தொலைக்காட்சிக் கலந்துரையாடலில் நிகழ்ச்சிப் படைப்பாளர் ஆற்றிய உரையின் கட்டுரை வடிவம்)



2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் 4ஆம் தேதி ஒரு ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் பள்ளி. அன்றிரவு நம் கல்வி அமைச்சுக்கு ஒரு தகவல் வந்தது. சிங்கப்பூரின் 26 உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த ஏறக்குறைய 13,000 மாணவர்களின் ஐபேட், குரோம்புக் கருவிகளில் இருந்தவை எங்கிருந்தோ ஒருவரால் துடைத்து அழிக்கப்பட்டிருந்தன.

இதில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அந்த மாணவர்கள் தீய இணைப்பு எதையும் தட்டவில்லை. கருவியைப் பேருந்தில் தொலைக்கவில்லை. கருவிகளைப் பாதுகாக்க வேண்டும் என்பதற்காகப் பள்ளியே பொருத்திக் கொடுத்த செயலி ஒன்று இருந்தது. ஊடுருவல்காரர் அந்தச் செயலியின் வழியாகவே உள்ளே வந்தார். வீட்டைக் காக்கப் பூட்டிய பூட்டே திருடனுக்கு வாசலாகிவிட்டது.

இது எப்படி நேர்ந்தது என்று கேட்டால், பலரும் கணினி, இணையம், ஊடுருவல்காரர் என்றே பேசத் தொடங்குவார்கள். அதைத் தொழில்நுட்ப வல்லுநர்கள் என்னைவிட நன்றாக விளக்குவார்கள். நான் சற்றுப் பின்னோக்கிப் போக விரும்புகிறேன். நம் நூலகங்களும் பள்ளிகளும் தங்கள் செல்வத்தை எப்படிப் பூட்டி வைத்தன, அந்தச் சாவி யார் கையில் இருந்தது, பூட்டு உடைந்தபோது எது நம்மைக் காப்பாற்றியது என்று வரலாற்றைப் பார்ப்போம். அதில் இன்றைக்குப் பயன்படும் பாடம் இருக்கிறது என்பது என் கருத்து.

சந்தாவே பூட்டாக இருந்த காலம்

சிங்கப்பூரின் முதல் நூலகம் ஒரு பள்ளிக்கூடத்துக்குள் பிறந்தது. 1823ல் ஸ்டாம்ஃபர்ட் ராஃபிள்ஸ் அடிக்கல் நாட்டிய கல்வி நிலையத்தில் 1837ல் பள்ளி தொடங்கியபோது, கூடவே ஒரு சிறிய நூலகமும் வந்தது. 1845ல் அது ‘சிங்கப்பூர் நூலகம்’ என்ற பெயரில் தனி அமைப்பானது. ஆனால் அது எல்லாருக்கும் உரிய நூலகம் அன்று. பங்குதாரர்களும் சந்தா கட்டியவர்களும்தான் நூல்களை எடுக்கலாம். பணமே பூட்டு, பணமே சாவி.

1874ல் அரசாங்கம் அதை ஏற்று, அருங்காட்சியகத்துடன் இணைத்து, ராஃபிள்ஸ் நூலகம் ஆக்கியது. அப்போதும் நூல்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில்தான் இருந்தன. துறைமுகத்திலும் சாலை வேலையிலும் கடைகளிலும் உழைத்த தமிழர்களுக்கு அந்தக் கட்டடம் தூரத்தில் தெரியும் வெள்ளை மாளிகையாகவே இருந்தது.

இந்த நிலையை மாற்றியதில் லீ கொங் சியான் என்ற ரப்பர் தொழிலதிபருக்குப் பெரும் பங்குண்டு. 1953ல் அவர் புதிய நூலகக் கட்டடத்துக்காக 375,000 வெள்ளி தர முன்வந்தார். நூலகம் கட்டணமின்றி எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும், உள்ளூர் மக்களின் மொழி நூல்களும் அதில் இடம்பெற வேண்டும் என்பதே அவர் விதித்த நிபந்தனை. 1960 நவம்பர் 12ஆம் தேதி ஸ்டாம்ஃபர்ட் சாலையில் செங்கல் நிறக் கட்டடத்தில் தேசிய நூலகத்தை யூசோஃப் இஷாக் திறந்து வைத்தார். தமிழ் நூல்களும் அலமாரி ஏறின. சந்தா என்ற பூட்டு அன்றோடு கழன்றது.

பூட்டு கழன்றால் நூல்கள் தொலைந்துவிடாவா? தொலையாமல் பார்த்துக்கொள்ள முகப்பில் நூலகர் இருந்தார். முத்திரைக் கட்டை, தேதித்தாள், அட்டை, கையெழுத்து இவையே அவருடைய கருவிகள். ஒரு நூலை யார் எடுத்தார் என்பது அந்த முகப்பில் இருந்த அட்டைப் பெட்டிக்குத்தான் தெரியும். அதாவது, சாவி நூலகத்துக்குள்ளேயே இருந்தது. அட்டை ஒன்று தவறிப்போனால் ஒரு நூலின் கணக்குத்தான் போகும். நூலகமே முடங்கிப்போகாது.

போர்க்காலத்தில் காத்தவர்கள்

இடையில் ஒரு சோதனைக் காலமும் வந்தது. 1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியர் வசம் வீழ்ந்தது. வீடுகளும் கடைகளும் சூறையாடப்பட்ட நாட்கள் அவை. ராஃபிள்ஸ் நூலகமும் அருங்காட்சியகமும் அழிந்திருக்க வேண்டும். ஆனால் அழியவில்லை.

காரணம் பூட்டா? அன்று பூட்டுக்கு மதிப்பே இல்லை. ஹிடெஸோ தனகடாதே என்ற ஜப்பானியப் பேராசிரியரும், பூமலையில் பணிபுரிந்த தாவர இயலாளர் ஈ. ஜே. எச். கோர்னர் என்ற ஆங்கிலேயரும் சேர்ந்து அந்த நூல்களைக் காத்தார்கள். நாட்டளவில் இருவரும் எதிரிகள். ஆனாலும் கைவிடப்பட்ட வீடுகளிலும் அலுவலகங்களிலும் கிடந்த நூல்களைக்கூடத் தேடிச் சேகரித்து நூலகத்தில் சேர்த்தார்கள். எதைக் காக்க வேண்டும், ஏன் காக்க வேண்டும் என்று தெரிந்த மனிதர்கள் அந்த இடத்தில் இருந்ததால் நூல்கள் தப்பின. இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

நம்மைக் காப்பாற்றிய இன்னொரு பிரதி

தமிழர்களாகிய நமக்கு இதைவிட நெருக்கமான சான்று ஒன்று உண்டு. 1887 முதல் 1890 வரை சிங்கப்பூரில் ‘சிங்கை நேசன்’ என்ற தமிழ் வார இதழ் வெளிவந்தது. சி. கு. மகுதூம் சாயபு அதன் ஆசிரியர். அந்தக் காலத்துச் சிங்கப்பூர்த் தமிழர்களின் வாழ்க்கை, வணிகம், சண்டை சச்சரவு, கவிதை என அனைத்தும் அதன் பக்கங்களில் உள்ளன. இன்று சிங்கப்பூர்த் தமிழ் இதழியல் பற்றி ஆய்வு செய்யும் எவரும் அதைத் தொடாமல் போக முடியாது.

நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முந்திய ஒரு வார இதழ், ஈரமும் கரையானும் மலிந்த இந்த மண்ணில் எப்படிப் பிழைத்தது? 1886ல் நீரிணைக் குடியேற்ற அரசாங்கம் நூல் பதிவுச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. இங்கு அச்சாகும் வெளியீடுகளைப் பதிவு செய்ய வேண்டும், பிரதிகளை ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. அப்படி ஒப்படைக்கப்பட்ட பிரதிகளில் ஒன்று கப்பலேறி லண்டன் போய்ச் சேர்ந்தது. பிரிட்டிஷ் நூலகத்தின் இன்றைய சேமிப்பில் அவையும் அடங்கும். அந்தப் பிரதிகள் நுண்படச் சுருள்களாக மீண்டும் நம்மிடம் வந்தன.

காலனி அரசாங்கம் தமிழ்ப் பற்றினால் அப்படிச் செய்யவில்லை. என்ன அச்சாகிறது என்று கண்காணிப்பதும் அதன் நோக்கங்களில் ஒன்றாக இருந்திருக்கலாம். நோக்கம் எதுவாக இருந்தாலும், இங்கே அழிந்தது அங்கே வாழ்ந்தது. இன்னொரு பிரதி இன்னோர் இடத்தில் இருந்ததால் நம் வரலாற்றின் ஒரு பக்கம் தப்பியது.

முகப்பிலிருந்து இயந்திரத்துக்கு

இனி கணினிக் காலத்துக்கு வருவோம். 1970ல் குவீன்ஸ்டவுனில் முதல் முழுநேரக் கிளை நூலகம் திறக்கப்பட்டது. குடியிருப்புப் பேட்டைகள் பெருகப் பெருக, கிளைகளும் பெருகின. வாசகர்கள் கூடினர். முகப்பில் வரிசைகள் நீண்டன. 1980களில் கணினி நூலகத்துக்குள் வந்தது. 1987ல் நூலகங்கள் தங்கள் நூற்பட்டியலைப் பகிர்ந்துகொள்ளும் ‘சைலாஸ்’ என்ற தேசியச் சேவை தொடங்கியது. அட்டைப் பெட்டிகள் மெல்ல மெல்ல ஓரமாயின.

1992ல் அமைக்கப்பட்ட ‘நூலகம் 2000’ மறுஆய்வுக் குழுவுக்கு டான் சின் நாம் தலைமை வகித்தார். அப்போது அவர் தேசியக் கணினி வாரியத்தின் தலைவர். கணினி வாரியத் தலைவரிடம் நூலகத்தின் எதிர்காலத்தை ஒப்படைத்தார்கள் என்பதே அந்தக் காலத்தின் எண்ணத்தைக் காட்டும். 1994ல் குழுவின் அறிக்கை வெளிவந்தது. 1995 செப்டம்பர் 1ஆம் தேதி தேசிய நூலக வாரியம் பிறந்தது.

அந்த வாரியம் 1998ல் செய்த ஒரு காரியத்தை உலகமே திரும்பிப் பார்த்தது. புக்கிட் பாத்தோக் சமூக நூலகத்தில் ஆர்எஃப்ஐடி எனப்படும் மின்வில்லை முறையை அறிமுகம் செய்தது. பொது நூலகம் ஒன்றில் இந்த முறையைப் பயன்படுத்தியதில் சிங்கப்பூர் உலகின் முன்னோடி. அடுத்த சில ஆண்டுகளில் மற்ற பொது நூலகங்களுக்கும் அது பரவியது.

அந்த வில்லை எப்படி வேலை செய்கிறது? நூலின் அட்டைக்குள் ஒட்டப்பட்ட மெல்லிய தகட்டில் ஒரு சில்லும் ஒரு சுருள் கம்பியும் இருக்கும். மின்கலம் கிடையாது. படிக்கும் கருவி அனுப்பும் வானொலி அலையே அதற்குச் சக்தி தரும். உடனே வில்லை தன் எண்ணைச் சொல்லும். நான்கைந்து நூல்களை ஒன்றாக வைத்தாலும் கருவி படித்துவிடும். பதிவு செய்யாமல் நூலை வெளியே கொண்டுபோனால் வாசலில் உள்ள கருவி ஒலி எழுப்பும். நள்ளிரவில்கூட நூலைத் திருப்பிப் போடலாம். ஜூரோங்கில் எடுத்ததைத் தெம்பனிஸில் திருப்பித் தரலாம்.

வரிசை மறைந்தது. முத்திரை குத்தும் வேலையிலிருந்து நூலகர்கள் விடுபட்டார்கள். வாசகருக்கு வழிகாட்ட அவர்களுக்கு நேரம் கிடைத்தது. இவை உண்மையான நன்மைகள். அவற்றைக் குறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை.

ஆனால் அன்று ஒரு பெரிய மாற்றமும் ஓசையில்லாமல் நடந்தது. நூல் யாரிடம் இருக்கிறது என்ற கணக்கு, கிளையின் அட்டைப் பெட்டியை விட்டு எல்லாக் கிளைகளுக்கும் பொதுவான கணினிக்குப் போனது. சாவி முகப்பை விட்டு நகர்ந்தது. கிளை நூலகருக்கு வசதி கூடியது. ஆனால் மையக் கணினி ஒருநாள் பேச மறுத்தால் அவரால் செய்யக்கூடியது குறைந்தது.

பள்ளிக் கூடங்களின் கதை

பள்ளிகளிலும் இதே கதைதான். 1997 ஏப்ரலில் கல்வி அமைச்சு தகவல் தொழில்நுட்பப் பெருந்திட்டத்தை அறிவித்தது. ஐந்தாண்டுகளுக்கு 2 பில்லியன் வெள்ளி. 2002க்குள் இரண்டு மாணவர்களுக்கு ஒரு கணினி, பாட நேரத்தில் 30 விழுக்காடு கணினிவழிக் கற்றல் என்பது குறிக்கோள்.

என் தலைமுறை அந்தத் திட்டத்தில் வளர்ந்த தலைமுறை. காலணியைக் கழற்றி வைத்துவிட்டுக் குளிரூட்டப்பட்ட கணினிக்கூடத்துக்குள் நுழைந்ததைப் பலரும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்தக் கூடத்துக்கு ஒரு கதவு. கதவுக்கு ஒரு பூட்டு. சாவி பொறுப்பாசிரியரிடமோ தொழில்நுட்ப உதவியாளரிடமோ இருக்கும். சாவியை வைத்திருப்பவரின் முகம் மாணவர்களுக்குத் தெரியும்.

அந்தக் காலத்திலும் ஆபத்து இருந்தது. நெகிழ்வட்டில் ஒட்டிக்கொண்டு நச்சுநிரல்கள் வந்தன. அப்படிப் பரவியவற்றுள் பெயர்பெற்ற ‘பிரெய்ன்’ 1986ல் லாகூரில் எழுதப்பட்டது. ஆனால் நெகிழ்வட்டு நச்சுநிரல் நடந்துதான் போகும். ஒருவர் வட்டை எடுத்துப் போய் இன்னொரு கணினியில் செருகினால்தான் அது பரவும். 2000ஆம் ஆண்டு மே மாதம் மணிலாவிலிருந்து கிளம்பிய ‘ஐ லவ் யூ’ மின்னஞ்சல் நச்சுநிரலோ ஒரே நாளில் உலகைச் சுற்றி வந்தது. நடந்து வந்த ஆபத்து பறந்து வரத் தொடங்கியது.

பலர் பயன்படுத்தும் கணினியைக் காக்கப் பள்ளிகளும் நூலகங்களும் எளிய வழி ஒன்றைக் கையாண்டன. கணினியை எப்படிக் குழப்பினாலும், அணைத்து மீண்டும் இயக்கினால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்படி நிரல் அமைத்தார்கள். கரும்பலகையைத் துடைப்பது போன்ற வழி இது. குறும்புக்கார மாணவரிடமிருந்து கணினி தப்பியது. ஆனால் அதிலேயே கட்டுரையைச் சேமித்து வைத்த அப்பாவி மாணவருடைய வேலையும் சேர்ந்தே துடைபட்டது. கருவியைக் காப்பது வேறு, கருவிக்குள் இருக்கும் உழைப்பைக் காப்பது வேறு என்பதை அன்றே நாம் கற்றிருக்க வேண்டும்.

தமிழாசிரியர்களுக்கு இன்னொரு வகை இழப்பும் நேர்ந்தது. இணையத்தில் தமிழ் கால் பதித்த கதையில் சிங்கப்பூருக்குப் பெருமைக்குரிய இடம் உண்டு. தேசியக் கல்விக் கழக விரிவுரையாளரும் எழுத்தாளருமான அமரர் நா. கோவிந்தசாமி அந்தப் பணியில் முன்னின்றவர். 1995ல் சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு மொழிகளிலும் இணையமேறியபோது தமிழும் அதில் இருந்தது. 1997 மே மாதம் தமிழ் இணைய மாநாடு இங்கே நடந்தது. எழுத்துருக் குறியீடுகளுக்கு ஒரு பொதுத் தரம் வேண்டும் என்ற பேச்சு அதில் வலுப்பெற்றது. காரணம், அப்போது ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு குறியீட்டைப் பயன்படுத்தியது. பின்னர் யூனிகோட் வந்து ஒழுங்குபடுத்தியது. ஆனால் அதற்கு முன் தட்டச்சு செய்து வைத்த பயிற்சித் தாள்களையும் நாடகப் பிரதிகளையும் இன்று திறந்தால், உரிய எழுத்துரு இல்லாத கணினியில் புரியாத குறிகளே தெரியும். யாரும் திருடவில்லை. யாரும் அழிக்கவில்லை. பெட்டி பத்திரமாக இருக்கிறது, சாவிதான் காணாமல் போய்விட்டது.

கைக்கு வந்த கருவி, கைவிட்டுப் போன சாவி

2020ல் கொவிட் கிருமி எல்லாவற்றையும் மாற்றியது. ஏப்ரல் 8ஆம் தேதி நாடு முழுவதும் மாணவர்கள் முழுநேர வீட்டுவழிக் கற்றலுக்கு மாறினர். அதே வாரத்தில், உயர்நிலை முதல் வகுப்பு மாணவர்களின் ஸூம் பாடத்துக்குள் அந்நியர்கள் நுழைந்து ஆபாசப் படங்களைக் காட்டிய சம்பவம் பெற்றோரை அதிர வைத்தது. அமைச்சு ஸூம் பயன்பாட்டை நிறுத்தி வைத்து, பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்த பிறகே மீண்டும் அனுமதித்தது. முன்பு பள்ளி வாசலில் காவலர் இருந்தார். இணைய வகுப்பின் வாசலில் யார் நிற்பது என்று அதுவரை நாம் போதிய அளவு சிந்திக்கவில்லை.

உயர்நிலை மாணவர் ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு கற்றல் கருவி என்ற திட்டம் 2028ல் நிறைவேற வேண்டியது. கொவிட் காரணமாக அது 2021 இறுதிக்கே முன்னுக்குக் கொண்டுவரப்பட்டது. வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளையும் வசதி படைத்த பிள்ளையும் ஒரே விதக் கருவியுடன் வகுப்பில் அமர முடிந்தது. இது சமத்துவத்துக்கான பெரிய அடி. அதைப் பாராட்டியே ஆக வேண்டும்.

ஆனால் இத்தனை கருவிகளை யார் பார்த்துக்கொள்வது? அதற்குத்தான் கருவி நிர்வாகச் செயலி. எந்தத் தளங்களைப் பார்க்கலாம், எத்தனை மணிவரை பயன்படுத்தலாம் என்று கட்டுப்படுத்த முடியும். வகுப்பில் ஆசிரியர் மாணவர்களின் திரையைக் கவனிக்க முடியும். கருவி திருடு போனால், உள்ளிருப்பதைத் தொலைவிலிருந்தே அழிக்கவும் இத்தகைய செயலிகளால் முடியும். ‘மொபைல் கார்டியன்’ என்ற நிறுவனத்தின் செயலி இப்பணிக்காகப் பயன்படுத்தப்பட்டது. அந்த நிறுவனத்தின் தலைமையகம் பிரிட்டனில் உள்ளது.

2024 ஏப்ரலில் முதல் எச்சரிக்கை மணி ஒலித்தது. அந்நிறுவனத்தின் நிர்வாக வலைவாசலுக்குள் யாரோ அனுமதியின்றி நுழைந்தார். 127 பள்ளிகளைச் சேர்ந்த பெற்றோர், பள்ளி ஊழியர்களின் பெயர்களும் மின்னஞ்சல் முகவரிகளும் கசிந்தன. ஆகஸ்டில் இரண்டாவது அடி. அதைத்தான் தொடக்கத்தில் சொன்னேன். தொலைந்த கருவியைத் துடைக்க வைத்திருந்த வசதியைப்போலவே, தொலையாத 13,000 கருவிகளும் துடைக்கப்பட்டன.

கல்வி அமைச்சு அந்தச் செயலியை எல்லாக் கருவிகளிலிருந்தும் அகற்ற முடிவு செய்தது. பள்ளிகளுக்குக் கூடுதல் தொழில்நுட்பக் குழுக்களை அனுப்பியது. கருவிகள் மீண்டும் இயங்கின. ஆனால் வேறிடத்தில் பிரதி எடுத்து வைக்காத பிள்ளைகளின் குறிப்புகள் திரும்பி வரவில்லை. ஆகஸ்டு என்றால் தேர்வுக்காலம் நெருங்கிய நேரம். மாதக்கணக்கில் எழுதிச் சேர்த்த குறிப்புகளை ஓர் இரவில் இழந்த பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளையின் மனநிலையைப் பெற்றோர் அறிவார்கள்.

கணினிக்கூடக் காலத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அன்று சாவி ஆசிரியரின் மேசை இழுப்பறையில் இருந்தது. அதைத் திருடினாலும் ஒரு கூடம்தான் திறக்கும். இன்று கருவி பிள்ளையின் கையில் இருக்கிறது. சாவி கடல் கடந்து இருக்கிறது. அந்த ஒரு சாவி எல்லாப் பள்ளிகளையும் திறக்கிறது.

லண்டனிலும் டொராண்டோவிலும்

இது நமக்கு மட்டும் நேர்ந்த சோதனை அல்ல. ‘சிங்கை நேசனை’க் காத்துத் தந்த அதே பிரிட்டிஷ் நூலகம் 2023 அக்டோபர் 28ஆம் தேதி இணையத் தாக்குதலுக்கு ஆளானது. ‘ரைசிடா’ என்ற கும்பல் அதன் கணினி அமைப்புகளை முடக்கி, 20 பிட்காயின் பிணைத்தொகை கேட்டது. நூலகம் கொடுக்கவில்லை. களவுபோன ஏறத்தாழ 600 கிகாபைட் தகவல்கள் இணையத்தில் கொட்டப்பட்டன. நூற்பட்டியலைத் தேடும் வசதியே 2024 ஜனவரி 15ஆம் தேதிதான் திரும்பியது.

2024 மார்ச்சில் அந்நூலகம் தன் குறைகளைத் தானே பட்டியலிட்டு ஓர் அறிக்கையை வெளியிட்டது. அந்த நேர்மை பாராட்டத்தக்கது. வெளியாரும் ஊழியர்களும் தொலைவிலிருந்து நுழையப் பயன்பட்ட ஒரு கணினி வழியாகவே ஊடுருவல் நடந்திருக்கலாம் என்றும், அதற்கு இரட்டை உறுதிப்பாட்டு முறை பொருத்தப்படவில்லை என்றும் அறிக்கை கூறியது. காலாவதியான பழைய அமைப்புகள் ஏராளமாக இருந்ததும் மீட்சியைத் தாமதப்படுத்தியது. ஆறுதலான செய்தியும் அதில் உண்டு. மின்னிலக்கச் சேகரிப்புகளின் பாதுகாப்பான பிரதிகள் நூலகத்திடம் இருந்தன. அவற்றை ஏற்றி இயக்கக் கணினி அமைப்புதான் இல்லை. மீண்டும் கட்டினார்கள். பிரதி இருந்ததால் கட்ட முடிந்தது.

அதே அக்டோபர் 28ஆம் தேதி கனடாவின் டொராண்டோ பொது நூலகமும் தாக்கப்பட்டது. 100 கிளைகள் கொண்ட பெரிய நூலகம் அது. கிளைகளை அவர்கள் மூடவில்லை. ஊழியர்கள் கையாலேயே எழுதி நூல்களை இரவல் கொடுத்தார்கள். ஆனால் திரும்பி வந்த நூல்களைப் பதிவு செய்ய வழியில்லை. ஏறத்தாழ பத்து லட்சம் நூல்கள் பெரிய இழுவை வண்டிகளில் மாதக்கணக்கில் காத்துக் கிடந்தன. நூல் இருக்கிறது, வாசகர் இருக்கிறார், நடுவில் இருக்கும் கணக்கு மட்டும் இல்லை. அத்தனையையும் மீறி நூலகம் மக்களுக்குத் திறந்திருந்தது என்றால், தாளும் பேனாவும் கொண்டு வேலை செய்யத் தெரிந்த ஊழியர்கள் இருந்ததே காரணம்.

வரலாறு சொல்லும் பாடம்

இந்தக் கதைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படுகிறது. வசதி பெருகப் பெருக, சாவி நம்மை விட்டுத் தூரப் போகிறது. பல சாவிகள் ஒரு சாவியாகின்றன. இதைத் தடுக்க முடியாது. அட்டைப் பெட்டிக் காலத்துக்கு நாம் திரும்பப் போவதில்லை. திரும்பவும் தேவையில்லை.

ஆனால் எந்தக் காலத்திலும் பூட்டு ஒருநாள் தோற்றிருக்கிறது. அப்படித் தோற்றபோது நம்மைக் காத்தவை இரண்டு. ஒன்று, வேறோர் இடத்தில் இருந்த இன்னொரு பிரதி. மற்றொன்று, நிலைமையைச் சமாளிக்கத் தெரிந்து அந்த இடத்தில் நின்ற மனிதர். சிங்கை நேசனைப் பிரதி காத்தது. ராஃபிள்ஸ் நூலகத்தை மனிதர்கள் காத்தார்கள். பிரிட்டிஷ் நூலகத்தைப் பிரதியும், டொராண்டோ நூலகத்தை ஊழியர்களும் தாங்கிப் பிடித்தார்கள்.

நம் சமூகமும் இதை உணர்ந்து செயல்பட்டிருக்கிறது. 2015ல், சிங்கப்பூரின் பொன்விழா ஆண்டில், தமிழ் மின்மரபுடைமைத் திட்டத்தின் தொண்டூழியர்கள் ஐம்பதாண்டுச் சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களைத் தேடிப்பிடித்து, மின்னிலக்க வடிவாக்கி, தேசிய நூலக வாரியத்திடம் ஒப்படைத்தார்கள். எழுத்தாளர் வீட்டுப் பரணில் இருந்த ஒரே பிரதி, எல்லாரும் எட்டக்கூடிய பிரதியானது. அதே வேளையில் தாள் பிரதியைத் தூக்கிப் போட்டுவிடாமல் இருப்பதும் நம் கடமை.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளையின் பள்ளி புதிய செயலி ஒன்றைக் கருவியில் பொருத்தினால் எதிர்க்க வேண்டியதில்லை. மூன்று கேள்விகளை மட்டும் கேளுங்கள். இதன் சாவி யார் கையில் இருக்கிறது? அந்தச் சாவி தவறான கைக்குப் போனால் மிக மோசமாக என்ன நடக்கும்? அப்படி நடந்தால் மறுநாள் காலை எட்டு மணிக்கு வகுப்பு எப்படி நடக்கும்? மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் வைத்திருக்கும் பள்ளியே உண்மையில் பாதுகாப்பான பள்ளி என்று நான் சொல்வேன்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. வாரம் ஒருமுறை உங்கள் குறிப்புகளின் பிரதியை அந்தக் கருவிக்கு வெளியே இன்னோர் இடத்தில் சேமியுங்கள். முக்கியமான பாடத்தைத் தாளிலும் எழுதி வையுங்கள். பத்து நிமிட வேலைதான். நூலகக் கணினியில் தாத்தா பாட்டியோடு அமர்ந்து அவர்களுக்கு ஏதேனும் செய்து கொடுத்தால், முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டு எழுந்திருங்கள். நமக்குப் பின் அந்த நாற்காலியில் யார் உட்காருவார் என்று நமக்குத் தெரியாது.

நூலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் நிதி ஒதுக்குவோரிடம் ஒரு வேண்டுகோள். பூட்டு வாங்கப் பணம் ஒதுக்குகிறோம். பூட்டு உடைந்தால் என்ன செய்வது என்று ஊழியர்களுக்குப் பயிற்சி அளிக்கவும் ஒதுக்க வேண்டும். தீயணைப்புப் பயிற்சி ஆண்டுதோறும் நடக்கிறது. கணினி இல்லாமல் ஒரு நாள் பள்ளியை நடத்தும் பயிற்சியும், நூலகத்தை நடத்தும் பயிற்சியும் அதுபோல் நடந்தால் என்ன? வெள்ளம் வருமுன் அணை போடுவதுதான் அறிவுடைமை.

1960ல் சந்தா என்ற பூட்டை அகற்றி நம் அனைவருக்கும் நூலகத்தைத் திறந்து விட்டார்கள் முன்னோர்கள். திறந்த கதவு திறந்தே இருக்க வேண்டும். அச்சத்தால் அதை மூடுவதற்கும் அலட்சியத்தால் பறிகொடுப்பதற்கும் நாம் இடம் கொடுக்கலாகாது. அதற்கு நாம் ஒவ்வொருவரும் செய்யக்கூடிய முதல் காரியம், இன்றிரவே ஒரு பிரதி எடுத்து வைப்பது.